ஒற்றுமை உலாவும் நாற்பதாவது ஆளும்

போன வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நான் இரண்டு பள்ளிவாசல்களில் இருந்தேன். ஒன்று திருச்சியில், இன்னொன்று எங்கள் ஊரில். இரண்டு இடத்திலும் எழுத்து மூலமாகப் பதிவாகியிருக்கிறது. ஒரு பதிவின் கீழே ரப்பர் ஸ்டாம்பும் உண்டு. உண்மையில் அந்த நேரத்தில் நான் காவிரிப் பாலத்தின் நடுவில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

விடிந்தால் மறுபடியும் வெள்ளிக்கிழமை. வாப்பா இப்போதுதான் கண் அசந்திருக்கிறார். அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பட்டறைத்தோப்பு. ஸ்ரீரங்கத்தைத் தாண்டிக் கொள்ளிடக் கரையோரமாகப் போனால் இருபத்திரண்டு வீடுகள் வரும். அவ்வளவுதான் ஊர். செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது எல்லாருக்கும் தொழில். நாங்கள் ஷாஃபி மத்ஹப், அதாவது ஷாஃபி சட்ட முறைப் பிரிவு. எங்கள் மத்ஹபில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை கூடவேண்டுமானால், இமாமையும் சேர்த்து, அந்த ஊரிலேயே குடியிருக்கும் வயது வந்த ஆண்கள் நாற்பது பேர் வேண்டும். குத்பா உரை ஓதும்போதும் இருக்கவேண்டும், தொழும்போதும் இருக்கவேண்டும். முப்பத்தொன்பது என்றால் ஜும்ஆ இல்லை. தினமும் தொழுகிற மதியத் தொழுகையான லுஹரைத் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வெளியூர்க்காரர்கள் முந்நூறு பேர் வந்து நின்றாலும் கணக்கில் சேர்க்கமுடியாது.

பட்டறைத்தோப்பில் ஆண்கள் சரியாக நாற்பது பேர். நாற்பதாவது ஆள் நான், நிஜாமுதீன், வயது பதினேழு. எனக்கு முன்னால் நாற்பதாவதாக இருந்தவர் சிங்கப்பூருக்குக் கப்பலேறிவிட்டார். அதற்கப்புறம் ஆறு வருஷம் ஊரில் ஜும்ஆ இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு மீசை அரும்பியபோது ஊரே சந்தோஷப்பட்டது. எங்கள் இமாமை லெப்பை மாமா என்போம். அவர் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கல்லில் கீறல் தேடுகிற மாதிரி உற்றுப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

நாற்பது பேரை வைத்துக்கொள்வது சாதாரண வேலை இல்லை. மூசா அப்பாவுக்குத் தொண்ணூறு வயது. வெள்ளிக்கிழமை கட்டிலோடு தூக்கி வருவோம். காசிம் பாவா கள்ளச் சாராயம் குடிப்பார். வியாழக்கிழமை சாயங்காலமே அவரைக் கூட்டி வந்து பள்ளிவாசல் மேல் அறையில் விட்டுப் பூட்டிவிடுவோம். வேலித் தகராறில் கோர்ட்டுக்குப் போன ஓர் அண்ணன் தம்பி இருக்கிறார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் காறித் துப்புவார்கள். ஆனால் வாய்தா வெள்ளிக்கிழமை விழுந்தால் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வக்கீல் வீட்டுக்குப் போய்த் தேதியை மாற்றி வாங்கி வருவார்கள். இதற்கெல்லாம் நாங்கள் பேர் எதுவும் வைக்கவில்லை. ஒற்றுமை என்கிற வார்த்தையை நான் முதல்முதலாகக் கேட்டது போன வருஷம், அறுபதில், கமிட்டி வந்த பிறகுதான்.

கமிட்டியின் முழுப் பெயர் 'திருச்சி அனைத்துப் பள்ளிவாசல் ஒற்றுமை உலாக் கமிட்டி'. தலைவர் பீர்கனி ராவுத்தர், தோல் வியாபாரி. செயலாளர் உஸ்மான் ஷெரீப் சாயபு, கலெக்டர் ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிட்டயரானவர். ராவுத்தர்கள், லெப்பைகள், மரைக்காயர்கள், உருது பேசுகிறவர்கள் எல்லாரும் அவரவர் பள்ளியிலேயே தொழுதுகொண்டு, அடுத்த தெருப் பள்ளியின் வாசல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல் இருக்கிறார்களாம். அதனால் வாரம் ஒரு பள்ளியாகக் கமிட்டி போய் ஜும்ஆ தொழும். கட்டிப் பிடிக்கும். டீ குடிக்கும். நல்ல விஷயம்தான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் கமிட்டியில் நான் எப்படி மாட்டினேன் என்றால், என் அக்கா நசீராவால். லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். தலைவருடைய அக்கா மகன் சிக்கந்தர் கல் வாங்க எங்கள் ஊருக்கு வந்தார், வந்து வந்து கடைசியில் பெண் கேட்டார். தலைவர் காரில் வந்து இறங்கினார்.

"நாங்க ஹனஃபி, நீங்க ஷாஃபி. இந்த மாதிரி சம்பந்தம் எங்க குடும்பத்துல நடந்ததே இல்ல. இதை நான் கல்யாணமா பாக்கல, ஒற்றுமையா பாக்குறேன்" என்றார் வாப்பாவிடம். "ஆனா ஒண்ணு. கமிட்டியில எல்லா மத்ஹபும் இருக்கணும். ஷாஃபி ஆளு இல்லாம ஒற்றுமை ஒரு கால் நொண்டியா நிக்குது. பொண்ணைக் குடுக்குறீங்க, கூடவே ஒரு மெம்பரையும் குடுத்துடுங்க."

"மெம்பர்னா யாருங்க?" என்றார் வாப்பா.

"இதோ, தம்பி இருக்காரே. எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிருக்காரு, கையெழுத்து முத்து முத்தா இருக்காம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்தாப் போதும்."

வாப்பா என்னைப் பார்த்தார். நான் லெப்பை மாமாவைப் பார்த்தேன். லெப்பை மாமா விரலை விட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"நாப்பதுங்க. இவனை விட்டா முப்பத்தொம்பது. எங்க ஜும்ஆ போயிடும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நாப்பதா? எதுக்கு லெப்பை, அத்தனை ஸ்டாஃப்? எங்க மத்ஹப்ல இமாமோட சேத்து நாலே பேரு போதும். ஜும்ஆ நடக்குதா இல்லியா? அப்ப உங்ககிட்ட முப்பத்தாறு போஸ்ட் அதிகப்படி. சர்க்கார்ல இப்படி இருந்தா ஆடிட்ல பிடிச்சிடுவான்."

"இது ஆபீஸ் இல்லீங்க, மார்க்கம்" என்றார் லெப்பை மாமா.

"அதான் சொல்றேன். ஆபீஸா இருந்தா நானே குறைச்சு எழுதியிருப்பேன்."

வழி கண்டுபிடித்தது லாத்தாதான். கதவுக்குப் பின்னால் இருந்து சொன்னாள்: "நம்ம ஊருல பன்னெண்டரைக்கு ஆரம்பிச்சு ஒரு மணிக்குள்ள முடிஞ்சிடும். டவுன்ல ஒண்ணே முக்காலுக்குத்தானே? இங்க தொழுதுட்டு சைக்கிள்ல போகட்டும். வழியில தேர் பாத்துக்கிட்டு நிக்காம போனா சரி."

அப்படித்தான் நான் வாரம் இரண்டு ஜும்ஆ தொழ ஆரம்பித்தேன். ஸ்ரீரங்கம் கடந்து, காவிரிப் பாலம் ஏறி, மலைக்கோட்டைக் கடைத்தெருக் கூட்டத்தில் நுழைந்து வெளியேறி, பள்ளி போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். செயலாளர் என்னைக் கட்டிப் பிடிப்பதைத் தள்ளி வைத்துவிடுவார்.

எந்தப் பள்ளிக்கு முதலில் போவது என்று முடிவு பண்ணவே கமிட்டிக்கு மூன்று மாதம் ஆனது. பழைய பள்ளிக்கு முதலில் என்றார்கள்; எல்லாப் பள்ளியும் பழைய பள்ளி என்று சொன்னது. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். குலுக்கிய கை எந்தத் தெருக்காரன் கை என்று சண்டை. கடைசியில் மினார் உயரப்படி போவதென்று தீர்மானம் ஆயிற்று. செயலாளர் சர்வே செயின் கொண்டுவந்து ஒவ்வொரு மினாராக அளந்தார். அளக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் இரண்டு பள்ளிகளில் ராத்திரியோடு ராத்திரியாகத் தகரத்தில் பிறை செய்து உச்சியில் நட்டுவிட்டார்கள். பிறை சேர்த்தியா இல்லையா என்று பார்க்க ஓர் உபகமிட்டி.

அடுத்தது ஆமீன். எங்கள் பள்ளியில் இமாம் ஃபாத்திஹா ஓதி முடித்ததும் எல்லாரும் சத்தமாக ஆமீன் சொல்வோம். ஹனஃபிகள் மனசுக்குள் சொல்லிக்கொள்வார்கள். முதல் வாரம் நான் பழக்கத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பெரிய பள்ளியில் என் குரல் ஒன்று மட்டும் தனியாகப் போய்க் குவிமாடத்தில் முட்டித் திரும்பி வந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவருக்கு விக்கல் எடுத்துவிட்டது.

அவசரக் கூட்டம் போட்டார்கள். தலைவரின் தோல் கிடங்குக்கு மேல் மாடியில்தான் கமிட்டி ஆபீஸ். பதினைந்து மெம்பர்களும் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு ஒற்றுமை பேசுவார்கள்.

"சத்தமாவும் வேணாம், மனசுக்குள்ளயும் வேணாம்" என்றார் தலைவர். "ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆமீன் இருக்கும்ல? அதைச் சொல்லுவோம்."

'கமிட்டி உறுப்பினர்கள் எந்தப் பள்ளிக்குச் சென்றாலும் நடுத்தர சத்தத்தில் ஆமீன் சொல்வது' என்று நான்தான் எழுதினேன். ஒத்திகையும் நடந்தது. செயலாளர் மாடிப்படிக்குக் கீழே நின்று கேட்டுவிட்டு, "ஜாஸ்தி", "கம்மி" என்று கையைக் காட்டினார். அரை மணி நேரம் ஆமீன் சொன்னோம். கீழே தோல் இறக்கிக்கொண்டிருந்த சவரிராயன் என்கிற கூலியாள், யாரோ செத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே ஓடி வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை போன பள்ளியில், எங்கள் நடுத்தர ஆமீனைக் கேட்டுவிட்டு, கமிட்டிக்காரர்கள் தொழுகையில் முனகுகிறார்கள் என்று புகார் எழுதிக் கொடுத்தார்கள்.

இதற்கு நடுவில் லெட்டர்பேடு. ஸ்ரீரங்கத்தில் வரதாச்சாரி என்பவரின் அச்சாபீஸ் என் வழியில் இருப்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. மேலே எல்லாப் பள்ளியின் மினாரும், எல்லா நிர்வாகியின் பேரும் வரவேண்டும். ஒருத்தர் பேர் இன்னொருத்தர் பேருக்குக் கீழே இருக்கக் கூடாது. வரதாச்சாரி காகிதத்தை எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

"ஏண்டாப்பா, இதுல லெட்டர் எழுத எடம் வேண்டாமோ?"

"கீழ கொஞ்சம் இருக்குங்களே, சாமி."

"ரெண்டு வரிக்கு மேல தாங்காதே. போறது, ஒங்கள்லயும் இதெல்லாம் உண்டா?" என்று ரகசியமாகக் கேட்டார். நான் ஆமீன் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்காத்துல தோப்பனார் தென்கலை, மாமனார் வடகலை. நாமத்துக்குப் பாதம் உண்டா, இல்லையான்னு பேசத் தொடங்கினா. இருபத்தெட்டு வருஷமாச்சு. இப்போ பேச்சே கிடையாது, பரம சௌக்கியம். ஒங்க கமிட்டியையும் பேசச் சொல்லு."

லெட்டர்பேடில் இரண்டு வரி மட்டுமே எழுத முடியும் என்பதால், அப்புறம் கமிட்டி அனுப்பிய கடிதங்களில் காரணம் எதுவும் இருக்காது. உத்தரவு மட்டும் இருக்கும். அப்படி ஒரு கடிதம்தான் என் கழுத்தில் கயிறாக விழுந்தது.

அதற்கு முந்தின கூட்டத்தில் தலைவர் பேசியதை நான் வார்த்தை விடாமல் எழுதி வைத்திருக்கிறேன். "அன்பர்களே! பிரிவினைதான் நம்ம எதிரி. என் சொந்தத் தம்பி, வேற ஒரு ஒற்றுமைக் கமிட்டி ஆரம்பிச்சான். அன்னையிலேருந்து அவன் வீட்டு வாசல்ல நான் கால் வைக்கல. அந்த அளவுக்கு நான் பிரிவினையை வெறுக்குறவன். இறைவன் முன்னால எல்லாரும் சமம். அதனாலதான் சொல்றேன், முதல் வரிசையில நடு இடத்தை யாரு புடிக்கிறதுன்னு அடிச்சுக்க வேணாம். அதைக் கமிட்டிக்கு விட்டுடுங்க. அதுலயும் நடுவுல எங்கிட்ட விட்டுடுங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். அந்தச் சூட்டில் செயலாளர் எழுந்து, "ஒரே ஊரு, ஆளுக்கொரு நேரத்துல ஜும்ஆ! ரயில் இப்படி ஓடுமா? தபால் இப்படி வருமா? இனிமே எல்லாப் பள்ளியிலயும் ஒரு மணி. என் வாட்ச்படி" என்றார். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது.

கடிதம் எங்கள் ஊருக்கும் வந்தது. 'வரும் வெள்ளி முதல் ஜும்ஆ மதியம் 1-00. மீறுவோர் ஒற்றுமைக்கு விரோதி.' நான் எழுதிய கடிதம்தான், எனக்கே தபாலில் வந்தது. பட்டறைத்தோப்புக்கு லெட்டர்பேடில் கடிதம் வருவது அதுதான் முதல் தடவை. ஊரில் எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். மினார்களை எண்ணினார்கள். சரி, ஒரு மணிக்கே வைத்துக்கொள்வோம் என்றார்கள். அதில் எனக்கு என்ன சிக்கல் என்று ஒருத்தருக்கும் ஓடவில்லை.

எனக்கு ஓடியது. வாப்பாவுக்கும் ஓடியது. அன்றைக்குத் திருச்சியில் போட்டோ எடுக்கிறார்கள், பதினைந்து மெம்பரும் கட்டாயம். அங்கேயே தலைவர் லாத்தா கல்யாணத் தேதியை அறிவிக்கிறார். நான் போகாவிட்டால் தேதி இல்லை. போனால் எங்கள் ஊரில் ஜும்ஆ இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வாப்பா பட்டறையில் கல்லைத் தீட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "டவுனுக்குப் போ" என்றார்.

"வாப்பா, இங்க நாப்பது..."

"போன்னு சொல்றேன்ல."

போனேன். காவிரிப் பாலத்தின் பாதி தூரத்தில் கால் மிதிக்க மறுத்துவிட்டது. மூசா அப்பாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்திருப்பார்களே என்று நினைத்தேன். சைக்கிளைத் திருப்பினேன். லாத்தா முகம் ஞாபகம் வந்தது. மறுபடி திருப்பினேன். மூன்றாவது தடவை திருப்பியபோது பஸ்காரர் ஹாரன் அடித்தார், கட்டை வண்டி நின்றது, ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"தம்பி, நீ எந்தப் பக்கம் போறே?"

"ரெண்டு பக்கமும் சார்."

"ரெண்டு பக்கமும் போறவன் ஓரமா நில்லு."

ஓரமாக நின்றேன். கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதற்கு எந்தப் பக்கம் போவதென்று தெரிந்திருந்தது. போலீஸ்காரர் கைக்கடிகாரத்தில் ஒன்று ஆகி, ஒன்றரையும் ஆனது.

ஊர் திரும்பினால் எல்லாரும் தொழுதுவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரியவில்லை. காசிம் பாவாதான் சொன்னார்: "ஏன்டா, ஒளு செய்யப் போனவன் அவ்வளவு நேரமா செய்வே? லெப்பை எண்ணிப் பாத்தாரு, முப்பத்தொம்பது. உங்க வாப்பா எந்திரிச்சு, 'பையன் தொட்டியாண்ட கைகால் கழுவி ஒளு செய்யுறான், இந்தா வந்துடுவான், ஆரம்பிங்க'ன்னாரு. சரின்னு ஆரம்பிச்சோம். நீ பின்னால வந்து நின்னுட்டேதானே?"

நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு அவர் காலில் இருந்தது.

பின்னால் நின்றுவிட்டேன் என்று தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கனமாக என் தலை இருந்ததில்லை. முப்பத்தொன்பது பேரின் தொழுகை அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

நாலு நாள் ஓடியது. புதன்கிழமை கமிட்டி என்னைக் கூப்பிட்டனுப்பியது. செயலாளர் மேஜையில் இரண்டு தாள். ஒன்று கமிட்டியின் வருகைப் பதிவு; நேரத்தை மிச்சப்படுத்த வியாழக்கிழமையே டைப் அடித்து வைத்தது. அதில் நான் ஆஜர். இன்னொன்று எங்கள் லெப்பை மாமா பெருமையாக அனுப்பியிருந்த நாற்பது பேர் பட்டியல். அதிலும் நான் ஆஜர்.

"ஒரே ஆளு, ஒரே நேரத்துல, ரெண்டு லிஸ்ட்ல" என்றார் செயலாளர். முப்பது வருஷ உத்தியோகத்தில் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்ட பயம் அவர் குரலில் இருந்தது.

எனக்கு உள்ளே ஒரு சின்ன நிம்மதி. கேட்டுவிட்டார்கள், சொல்லிவிடலாம்.

"நான் ரெண்டுலயும் இல்லீங்க. பாலத்து மேல நின்னுட்டேன்."

தலைவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். தோல் நாற்றத்தையும் மறந்துவிட்டார்.

"பாலத்து மேலன்னா எந்த லிஸ்ட்லயும் எழுத முடியாதே" என்றார் செயலாளர்.

"தம்பி பயத்துல உளறுறாரு" என்றார் தலைவர். "ரிப்போர்ட் அச்சாகிடுச்சு. பதினஞ்சு மெம்பரும் ஆஜர்னு மெட்ராஸ் வரைக்கும் அனுப்பியாச்சு. போட்டோவைக் கொண்டாங்க."

போட்டோவில் பதினான்கு பேர் இருந்தார்கள். பதினைந்தாவது ஆள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு தூண் இருந்தது.

"தூணுக்குப் பின்னால நின்னிருக்காரு" என்றார் ஒரு மெம்பர்.

"நான் அங்க வரவே இல்லீங்க..."

"நீங்க சும்மா இருங்க தம்பி. நீங்க எங்க இருந்தீங்கங்கறது கமிட்டி முடிவு பண்ண வேண்டிய விஷயம்."

ஓட்டெடுத்தார்கள். நான் ஓட்டுப் போடக் கூடாது என்றார்கள், சம்பந்தப்பட்ட ஆளாம். பத்துக்கு நாலு. எதிர்த்து ஓட்டுப் போட்ட நாலு பேராவது என்னை நம்பினார்கள் என்று பார்த்தால், இல்லை. நான் திருச்சிப் பள்ளியில் மட்டும்தான் இருந்தேன், கிராமத்துக்குப் பங்கு தரமுடியாது என்பது அவர்கள் வாதம். தீர்மானத்தை என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன், முத்து முத்தாகவே வந்தது: 'உறுப்பினர் நிஜாமுதீன் அன்று மதியம் 1-00 மணிக்கு இரு பள்ளிகளிலும் இருந்தார் என்று இக்கமிட்டி ஏற்கிறது.'

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் கனவு கண்ட ஒற்றுமை இதுதான். ஒரே ஆளு, ரெண்டு பள்ளி! மத்தவங்களும் முயற்சி பண்ணணும்." என்னைக் கட்டிப் பிடித்து, "உங்க லாத்தா கல்யாணம் அடுத்த மாசம் பத்தாம் தேதி" என்றார்.

ராத்திரி வீட்டுக்கு வந்து லாத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"அப்ப அன்னைக்கு முப்பத்தொம்பது பேரும் ஜும்ஆவும் தொழல, லுஹரும் தொழல."

"ஆமா."

"மூசா அப்பாவுக்கு ரெண்டு நாளா மூச்சு இழுக்குது. தொழுததா நெனச்சுக்கிட்டே அவர் போயிட்டா, அது யாரு கழுத்துல?"

"எனக்குத் தெரியல லாத்தா. சொன்னா வாப்பா பொய் சொன்னது வெளிய வரும். உன் கல்யாணமும் நின்னுடும்."

"எனக்குத் தெரியாததையா சொல்றே?" என்றாள். "கமிட்டி ஓட்டுப் போட்டா செல்லாத தொழுகை செல்லுபடியாயிடுமா? தள்ளு."

துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நேராகப் போய் லெப்பை மாமா வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவு திறந்ததும் நீட்டி முழக்கவில்லை. "மாமா, வெள்ளிக்கிழமை முப்பத்தொம்பது பேருதான். வாப்பா சொன்னது சரியில்ல. எனக்காகச் சொல்லிட்டாங்க" என்றாள்.

இன்று காலை சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் எல்லாரும் போன வெள்ளிக்கிழமை விட்டுப்போன லுஹரைத் தொழுதார்கள். மூசா அப்பா கட்டிலில் படுத்தபடியே கண்ணால் தொழுதார். வாப்பா வரவில்லை.

அதற்குள் சேதி டவுனுக்கு எட்டிவிட்டது. மதியம் சிக்கந்தர் மச்சான் சைக்கிளில் வந்து கடிதத்தைக் கொடுத்தார். முகத்தைத் தூக்கவே இல்லை. 'கமிட்டித் தீர்மானத்துக்கு விரோதமாக மறுதொழுகை நடத்திய ஊரில் சம்பந்தம் இல்லை.' கீழே இடம் போதாமல் கையெழுத்து மினார் மேல் ஏறியிருந்தது.

லாத்தா வாங்கிப் படித்தாள். "உங்க மாமா சொன்னாச் சொல்லட்டும், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கதவோரம் நின்று கேட்டாள். அவளாக அவரோடு பேசியது அதுதான் முதல் தடவை. அவர் ரொம்ப நேரம் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றார்.

"கேட்டுட்டுன்னா, வரவேணாம்" என்றாள் லாத்தா.

சாயங்காலம் வாப்பா ஒரு மஞ்சள் பையில் இரண்டு வேட்டியை வைத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். விடிகாலை பஸ்ஸில் புதுக்கோட்டைக்குத் தம்பி வீட்டுக்குப் போகிறாராம். பள்ளியிலேயே பொய் சொன்னவன் எந்த முகத்தோடு வரிசையில் நிற்பது என்று உள்ளேயிருந்து சொன்னார்.

வாப்பா போனால் நாளைக்கு முப்பத்தொன்பது.

ராத்திரி இஷா தொழுகை முடிந்ததும் ஒவ்வொருத்தராக எங்கள் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வேலித் தகராறு அண்ணன் வந்தார். கொஞ்சம் தள்ளித் தம்பியும் வந்து உட்கார்ந்தார். காசிம் பாவாவும் வந்தார், குடிக்காமல்.

"வியாழக்கிழமை ஆச்சே, என்னைப் பூட்ட யாரையும் காணோம். பாத்தா எல்லாரும் இங்க இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வாப்பாவின் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்: "மீரான்! நான் எந்தக் கோலத்துலயெல்லாம் வந்து நின்னிருக்கேன். அப்பல்லாம் என்னை எண்ணுனாங்கல்ல? வெளிய வாய்யா!"



இன்னொருத்தர், "நீ பண்ணுனது பெரிய தப்புதான், அதை நாளைக்கு மத்தியானத்துக்கு மேல வெச்சுத் திட்டுறோம்" என்றார்.

கடைசியாக வாப்பா குரல் வந்தது, உடைந்து போய். "உங்க அத்தனை பேரு தொழுகையையும் கெடுத்தவன் நான். என்னை எதுக்குய்யா கூப்பிடுறீங்க?"

எல்லாரும் லெப்பை மாமாவைப் பார்த்தார்கள். ஏதாவது ஹதீஸ் சொல்வார் என்று நினைத்தேன். அவர் தாடியைச் சொறிந்தார்.

"வேற ஆளு இருந்தாக் கூப்பிட்டிருக்க மாட்டோம், மீரான்."

அப்புறம் தாழ்ப்பாள் விலகியது. வாப்பா மஞ்சள் பையோடு வாசற்படியில் வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

"பன்னெண்டரை."

வாப்பா படியிலேயே உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவ்வளவுதான், எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் காசிம் பாவா கேட்டார்:

"மூசா அப்பா எப்படி இருக்காரு?"

முப்பத்தொன்பது பேரும் எழுந்தோம். வாப்பா பையைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு வந்தார். செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து போய் மூசா அப்பா வீட்டு ஜன்னலோரம் கூடி நின்று காதை வைத்தோம். உள்ளே இருட்டு. கொள்ளிடக் காற்று மட்டும் அடித்தது. என் பக்கத்தில் வாப்பாவின் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் உள்ளேயிருந்து ஒரு இருமல் வந்தது. நீளமான, கோபமான இருமல்.

"யாருடா அது ஜன்னல்ல? தூங்க விடுங்கடா, நாளைக்கு ஜும்ஆ!"